மறுமலர்ச்சிக் காலப் பெண்களைப் புனைகதையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறுமலர்ச்சிக் கால இத்தாலியின் உயர்குடிப் பெண்களைப் பற்றி வரலாற்றுப் புனைகதை எழுத வருவோர், அவர்களைப் பற்றிய ஆவணங்களே இல்லை என்று முடிவுகட்டிவிட்டு, எல்லாவற்றையும் கற்பனையால் நிரப்பத் தொடங்குவதுதான் முதல் தவறு. புளோரன்சைச் சேர்ந்த அலெஸ்ஸாந்த்ரா ஸ்ட்ரோஸ்ஸி, வெளியூரில் வாழ்ந்த தம் மகன்களுக்கு எழுதிய கடிதங்களில் எழுபதுக்கும் மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன. 1447 ஆகஸ்டில் நேப்பிள்ஸிலிருந்த மகன் ஃபிலிப்போவுக்கு எழுதிய கடிதத்தில், 16 வயது மகள் கத்தரீனாவைப் பட்டுத் தொழில் செய்யும் மார்க்கோ பரென்டிக்குப் பேசி முடித்ததையும், வரதட்சணை 1000 ஃபுளோரின் (புளோரன்சின் பொற்காசு) என்பதையும், இன்னும் பெரிய இடமென்றால் 1400, 1500 கேட்டிருப்பார்கள் என்பதையும் அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். மாப்பிள்ளை தம் கடையிலேயே நெய்த செந்நிற வெல்வெட்டில் அங்கி தைக்கக் கொடுத்திருப்பதாகவும், பெண் வெளியே கிளம்பும்போது அவள் மேனியில் 400 ஃபுளோரினுக்கு மேல் இருக்கும் என்றும் தாய் கணக்குப் போடுகிறார். அன்பும் பேரமும் ஒரே வரியில் கலந்திருக்கும் இத்தகைய இடத்தை எந்தக் கற்பனையாலும் ஈடுகட்ட முடியாது என்றே நான் கருதுகிறேன்.

இதனால்தான், கதாநாயகி ஒவ்வொருத்தியையும் திருமணத்தை எதிர்த்துப் பொங்கி எழும் இன்றைய பெண்ணாக்குவதும் தவறாகிறது. இளம் வயதிலேயே கணவரை இழந்த அலெஸ்ஸாந்த்ரா, அந்தத் திருமணச் சந்தையின் விதிகளுக்குள் நின்றுதான் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

வதந்தியை வரலாறாக எழுதுவது அடுத்த தவறு. 1561இல் ஃபெராராவில் 16 வயதில் இறந்த லுக்ரேசியா தெ மெடிச்சிக்கு (புளோரன்சை ஆண்ட மெடிச்சி குடும்பத்துப் பெண்) அவர் கணவரான ஃபெராரா கோமகன் இரண்டாம் அல்ஃபோன்சோ நஞ்சு கொடுத்தார் என்ற பேச்சுக்கு உறுதியான சான்று இல்லை. நுரையீரல் நோயே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அக்காள் மரியா இறந்ததால் அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையை 13 வயதில் மணந்து, மணமான கையோடு கணவர் பிரான்சுக்குப் புறப்பட்டுப் போவதைக் கண்ட சிறுமியின் கதைக்கு நஞ்சு எதற்கு?

1447இல் நடக்கும் விருந்தில், ஐரோப்பாவுக்கு அப்போது வந்தே சேராத தக்காளியைப் பரிமாறுவது போன்ற பிழைகளைக் கவனமாகப் படித்தாலே திருத்திவிடலாம். ஆனால், வீட்டிலிருந்த மற்ற பெண்களை மறந்துவிடுவது அப்படி எளிதில் திருத்தக்கூடியதன்று. அலெஸ்ஸாந்த்ராவின் வீட்டில் கத்தெருச்சா என்ற அடிமைப் பெண் இருந்தாள். அவள் சொல்பேச்சுக் கேட்பதில்லை என்று எஜமானி கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டதால்தான் அவள் பெயராவது நமக்குத் தெரிகிறது.