தோல்வியே அறியாத குதிரையைப் பின்தொடர்வது எப்படி: பிளாக் கேவியரை வைத்து ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் பிளாக் கேவியர் 2009 ஏப்ரல் 18 முதல் 2013 ஏப்ரல் 13 வரை 25 பந்தயங்களில் ஓடியது. இருபத்தைந்திலும் முதலிடம். அதில் 15 பந்தயங்கள் குரூப் 1, அதாவது உச்சத் தரம். பலருக்கு இந்தக் கணக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் தாளில் வரிசையாக நிற்கும் 25 ஒன்றுகளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். எது சுலபமாக வந்தது, எது காயத்தோடு வந்தது, எது ஒரு தலை அளவில் தப்பியது என்று அந்த ஒன்றுகள் சொல்லாது. அதைப் படிக்கும் வழியைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். இன்று ஓடிக்கொண்டிருக்கும் எந்த ஸ்பிரின்ட் (குறுந்தூர) குதிரை உங்கள் மனதைப் பிடித்திருந்தாலும் இதே முறை பயன்படும்.

நோட்டும் கட்டங்களும்

ஒரு குதிரைக்கு ஒரு நோட்டு, ஒரு பந்தயத்துக்கு ஒரு பக்கம். தேதி, மைதானம், தூரம், தரையின் தரம், உள்வேலி எங்கே நகர்த்தப்பட்டிருக்கிறது, சுமந்த எடை, கேட் எண் (கிளம்பும் அடைப்பின் எண்), ஜாக்கி, மொத்த நேரம், கடைசி 600 மீட்டர் நேரம், வெற்றி இடைவெளி, இரண்டாவதாக வந்த குதிரை, ஸ்டூவர்டுகளின் (பந்தயத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகளின்) அறிக்கையில் உள்ள குறிப்பு. இந்தப் பதின்மூன்றும் வேண்டும். பந்தயம் முடிந்த அன்றே எழுதிவிடுங்கள். வேலி எத்தனை மீட்டர் வெளியே இருந்தது என்பது போன்ற விவரங்களைப் பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு.

பலர் விட்டுவிடும் கட்டம் இரண்டாவதாக வந்த குதிரையின் பெயர். ஒரு வெற்றியின் எடை, தோற்ற குதிரை பின்னால் என்ன செய்கிறது என்பதில்தான் தெரியவரும். ஹே லிஸ்ட் என்ற குதிரை 2012 பிப்ரவரியில் மெல்போர்னின் பிளெமிங்டன் மைதானத்தில் லைட்னிங் ஸ்டேக்ஸில் பிளாக் கேவியரிடம் தோற்றது. அடுத்த மாதமே அதே பிளெமிங்டனில் நியூமார்க்கெட் ஹேண்டிகேப்பை வென்றது. அன்று பிப்ரவரிப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் ஒரு வரி சேர்த்தவர்களுக்குத்தான் பிளாக் கேவியரின் வெற்றியின் முழு அளவு புரிந்திருக்கும்.

ரேஸ் புத்தகத்தில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் வரும் எண் வரிசையில், வலது ஓரத்தில் இருப்பதே கடைசிப் பந்தயம். 0 என்றால் பத்தாவது இடமோ அதற்கும் கீழோ. நடுவில் வரும் பெருக்கல் குறி ஓய்வைக் காட்டும். இந்தக் குறியை அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்பிரின்ட் குதிரையின் வாழ்க்கையை ஆண்டுக் கணக்கில் பிரித்தால் ஒன்றும் விளங்காது. ஓய்வுக்கும் ஓய்வுக்கும் நடுவில் வரும் சுற்றுகளாகப் பிரிக்க வேண்டும். பிளாக் கேவியரை அப்படிப் பிரித்துப் பாருங்கள்: 2009 முற்பாதியில் 2, அந்த ஆண்டின் பிற்பாதியில் 2, 2010 ஜனவரியில் 1, அக்டோபர் முதல் 3, 2011 முற்பாதியில் 5, பிற்பாதியில் 3, 2012 ஜனவரி முதல் ஜூன் வரை 6, 2013இல் 3.

மூன்றாவது சுற்றில் ஒன்றே ஒன்று நிற்கிறதே, அது ஏன்? காயம். அதற்கு முந்தைய சுற்றில், டேன்ஹில் ஸ்டேக்ஸில் கேட்டை விட்டுக் கிளம்பும்போதே தடுமாறி மார்புத் தசையைக் காயப்படுத்திக்கொண்டு, அப்படியும் வென்றது. 2010 ஜனவரிக்குப் பிறகு மறுபடி காயம், அக்டோபர் வரை ஓட்டமில்லை. பயிற்சியாளர் பீட்டர் மூடி அவசரப்படாமல் காத்திருந்தார். 25 ஒன்றுகளுக்குள் ஒளிந்திருக்கும் அந்தப் பொறுமை, சுற்று பிரித்தால்தான் கண்ணில் படும்.

எடை

தரமான ஸ்பிரின்ட்கள் இரண்டு வகை. வயதுக்கேற்ற எடைப் பந்தயத்தில் வயதையும் பாலினத்தையும் வைத்து எடை முடிவாகும். ஆஸ்திரேலியாவில் பெட்டைக் குதிரைக்கு 2 கிலோ சலுகை உண்டு. ஹேண்டிகேப்பில் திறமை கூடக்கூட எடை கூடும், பின்தங்கிய குதிரைகளுக்குக் குறையும். ஆகவே ஹேண்டிகேப்பில் மேல் எடையோடு வெல்வது வேறு ரகம். 2011 நியூமார்க்கெட் ஹேண்டிகேப்பில் பிளாக் கேவியர் 58 கிலோ சுமந்து வென்றது. எங்கள் கணக்கில் அந்தப் பக்கம் பல வயதெடை வெற்றிகளுக்கு மேல் நிற்கும். எடைக் கட்டத்தில் எண்ணை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாமல், இரண்டாவது குதிரையைவிட எத்தனை கிலோ கூடுதல் அல்லது குறைவு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

நேரமும் இடைவெளியும்: அதிகம் பிழை வரும் இடம்

இடைவெளியை ரேஸ்காரர்கள் ‘லென்த்’ கணக்கில் சொல்வார்கள்: ஒரு குதிரையின் உடல் நீளம், சுமார் 2.4 மீட்டர். தோராயமாக ஒரு விநாடிக்கு ஆறு லென்த். மூன்று லென்த் வெற்றி என்றால் அரை விநாடி.

இரண்டு மைதானங்களின் நேரத்தை நேருக்கு நேர் ஒப்பிடுவதுதான் புதிய ரசிகர்கள் செய்யும் முதல் தவறு. தரை, காற்று, வளைவு, வேலியின் இடம் எல்லாம் மாறும். ஒரே மைதானம், ஒரே தூரம், அன்றைய தினத்தின் மற்ற பந்தயங்கள் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நேரம் பேசும்.

தரையின் தரத்தில் ஒரு பழைய பொறி இருக்கிறது. இப்போது ஆஸ்திரேலியாவில் 1, 2 உறுதி; 3, 4 நல்லது; 5 முதல் 7 வரை மென்மை; 8 முதல் 10 வரை கனம். பிளாக் கேவியர் ஓடிய காலத்தில் 1 வேகம். 2, 3 நல்லது. 4, 5 ‘டெட்’. 6, 7 மெது. அதற்கு மேல் கனம். 2014 இறுதியில் அளவுகோல் மாறியது. பழைய பதிவில் ‘டெட் 4’ என்று பார்த்துவிட்டுத் தரை மோசம் என்று முடிவுகட்டினால் தப்பு. இன்றைய 4 நல்ல தரை.

நேரத்தைப் பிரித்துப் படிப்பதற்கு ஓர் உதாரணம். 2013 பிப்ரவரி 16 அன்று பிளாக் கேவியர், தன் பெயரையே தாங்கிய லைட்னிங் பந்தயத்தில், பிளெமிங்டனின் நேர்த்தடம் 1000 மீட்டரை 55.42 விநாடியில் கடந்தது. ஸ்பெஷல் என்ற குதிரை 1988இல் வைத்த 55.5 என்ற சாதனை அன்றுதான் உடைந்தது. சராசரி எடுத்தால் 200 மீட்டருக்கு 11.08 விநாடி, மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். ஆனால் எந்தக் குதிரையும் சராசரியில் ஓடாது. நின்ற நிலையிலிருந்து கிளம்புவதால் முதல் 200 மெதுவாகத்தான் இருக்கும், நடுவில் உச்ச வேகம், கடைசி 200இல் எல்லாக் குதிரையும் தளரும். ஸ்பிரின்ட்டில் வெல்லும் குதிரை கடைசியில் வேகம் கூட்டுவதாகக் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அது மற்றவற்றைவிடக் குறைவாகத் தளர்கிறது. நேரப் பட்டியலை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

இடைவெளியை மட்டும் நம்பினாலும் ஏமாற்றம்தான். பிளாக் கேவியரின் 25 ஓட்டங்களில் 22இல் சேணத்தில் இருந்தவர் லூக் நோலன். பல வெற்றிகளில் கடைசி 100 மீட்டரில் கடிவாளத்தைத் தளர்த்தி, குதிரையைச் சும்மா ஓடவிட்டார். ரீப்ளேயை இரண்டு தடவை பாருங்கள்: முதல் தடவை குதிரையை, இரண்டாம் தடவை ஜாக்கியின் கைகளை மட்டும். கைகள் எந்த இடத்தில் அசையத் தொடங்கின, சாட்டை எடுத்தாரா, எங்கே நிறுத்தினார் என்று மீட்டர் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

தடங்கள்

விக்டோரியா மாநிலத்தில் குதிரைகள் இடச்சுற்றாக ஓடும். சிட்னியிலும் குயின்ஸ்லாந்திலும் வலச்சுற்று. மெல்போர்ன் குதிரை சிட்னியின் ராண்ட்விக்கிலோ குயின்ஸ்லாந்தின் டூம்பனிலோ ஓடும்போது முன்கால் மாற்றும் பழக்கமே தலைகீழாகிறது. பிளாக் கேவியர் இரண்டிலும் வென்றது. ரீப்ளேயில் வளைவு முடியும் இடத்தில் எந்த முன்கால் முன்னே நீள்கிறது என்று பாருங்கள்.

மெல்போர்னின் பழைய மூனி வாலி (Moonee Valley) மைதானத்தின் கடைசி நேர்ப்பகுதி 173 மீட்டர்தான். அங்கே வளைவுக்குள்ளேயே முன்னே வந்தாக வேண்டும். பிளெமிங்டனின் 1000, 1200 மீட்டரில் வளைவே கிடையாது. குதிரைக் கூட்டம் சில நாள் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி உள்வேலிப் பக்கமும் ஒரு பாதி பார்வையாளர் பக்கமும் ஓடும். அப்போது கேட் எண் மட்டும் போதாது. எந்தப் பக்கம் ஓடியது என்பதையும் எழுத வேண்டும்.

தூரத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு. 2012 பிப்ரவரி 11 அன்று மெல்போர்னின் கால்ஃபீல்டு மைதானத்தில் சி. எஃப். ஓர் ஸ்டேக்ஸ், 1400 மீட்டர். அதற்கு மேல் பிளாக் கேவியர் ஓடியதே இல்லை. ஏழே நாளில் பிளெமிங்டனில் 1000 மீட்டர். முதல் பந்தயத்துக்கு மூச்சை மிச்சப்படுத்த வேண்டும், இரண்டாவதுக்குக் கேட் திறந்ததுமே பாய வேண்டும். இந்த இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.

பந்தய வாரம்

சனிக்கிழமைப் பந்தயம் என்றால் பொதுவாகத் திங்கள் பெயர்ப் பதிவு, செவ்வாய் எடை அறிவிப்பு, புதன் இறுதிப் பட்டியலும் கேட் குலுக்கலும். பெரிய பந்தயங்களில் இது முன்னதாகவே நடக்கும். பதிவில் பெயர் வந்தவுடன் ஓடும் என்று நம்பிப் பயணச்சீட்டு வாங்காதீர்கள். இறுதிப் பட்டியல் வரும் வரை பொறுங்கள். அதன் பிறகும் சனி காலை விலகல் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஓய்வுக்குப் பிறகு திரும்பும் குதிரை முதலில் பயிற்சி ஓட்டத்தில் வரும். 800 முதல் 1000 மீட்டர், வெற்றிக் கணக்கில் சேராது. அதில் மூன்றாவதாக வந்தால் பதற வேண்டாம். மூச்சு எப்படி, நடை சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரலை பார்ப்பவர்களுக்கு: அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மெல்போர்ன் நமக்கு ஐந்தரை மணி முன்னே, மற்ற மாதங்களில் நாலரை மணி முன்னே. பிப்ரவரியில் அங்கே மாலை 4 என்றால் இங்கே காலை 10.30. இந்த ஒரு மணி வித்தியாசத்தில் பந்தயத்தைத் தவறவிட்டவர்கள் ஏராளம், அதுவும் ஒரு நிமிடம்கூட நீடிக்காத பந்தயத்தை.

மைதானத்தில்

பெரிய பந்தய நாள்களில் மெல்போர்ன் நகர மையத்திலிருந்து பிளெமிங்டன் மைதான வாசலுக்கே ரயில் உண்டு. உங்கள் குதிரையின் பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே குதிரைகளை நடத்திக் காட்டும் வளாகத்தின் வேலியோரம் இடம் பிடியுங்கள். காதுகள் முன்னோக்கி இருக்கின்றனவா, கழுத்திலும் பின்னங்கால்களுக்கு நடுவிலும் வெள்ளை நுரையாக வியர்வை இருக்கிறதா, பின்கால் முன்காலின் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று கவனியுங்கள். ஃபிளாஷ் கூடாது. கொடி, பலூன் எதையும் வேலிக்கு மேல் அசைக்கக் கூடாது. பெயர் சொல்லிக் கத்துவது வெற்றிக்குப் பிறகு போதும். பந்தயத்துக்கு முன் மிரளும் குதிரை பாதிச் சக்தியை அங்கேயே செலவழித்துவிடும்.

சேணத் துணியில் உள்ள எண்ணும் கேட் எண்ணும் வேறு வேறு. குதிரையை ஜாக்கியின் சட்டை நிறத்தால் அடையாளம் காணுங்கள். பிளாக் கேவியரின் நிறம் இளஞ்சிவப்பில் கரும்புள்ளிகள். ரசிகர்கள் அதே நிறத்தில் டையும் தொப்பியும் அணிந்து வந்து பார்வையாளர் மாடம் முழுக்க நிறைந்தார்கள். ஒரே உரிமையாளரின் இரண்டு குதிரைகள் ஓடினால் தொப்பியின் நிறம் வேறுபடும். நேர்த்தடத்தில் தொடக்கம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும். 8 அல்லது 10 மடங்கு பைனாகுலர் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கம் படத்தைக் கலைக்கும்.

ஆஸ்காட் பக்கம்

2012 ஜூன் 23, இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட், டைமண்ட் ஜூபிலி ஸ்டேக்ஸ். பிளாக் கேவியர் மூன்லைட் கிளவுட் என்ற குதிரையை ஒரு தலை அளவில் வென்றது. மெல்போர்னில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. வெறும் இடைவெளியை மட்டும் எழுதியவர்கள் அன்று குதிரை மங்கிவிட்டது என்று நினைத்தார்கள். நோலன் கோட்டுக்கு முன்பே கைகளைத் தளர்த்தி, ஆபத்தை உணர்ந்து மறுபடி உந்தினார் என்பது ரீப்ளேயில் தெரியும். பின்னர் நடந்த பரிசோதனையில் பின்பகுதித் தசைகள் கிழிந்திருந்தது தெரியவந்தது. உலகின் மறு கோடிக்கு விமானப் பயணம், கிழிந்த தசை, அதோடு ஒரு தலை அளவு வெற்றி. எங்களுக்கு 25இல் பெரியது இதுதான்.

இதனால்தான் ஒரு பக்கத்தைப் பந்தய நாளோடு மூடிவிடக் கூடாது என்கிறோம். இரண்டு வாரம் கழித்து ஸ்டூவர்டுகளின் அறிக்கை, மருத்துவச் செய்தி எல்லாம் பார்த்து, வேறு நிற மையில் சேர்த்து எழுதுங்கள். அறிக்கையில் ‘அருகுப் பக்கம்’ என்பது குதிரையின் இடப்பக்கம், ‘அப்பால் பக்கம்’ என்பது வலப்பக்கம்.

நினைவுப் பொருள்கள்

பிளாக் கேவியர் வெல்லும் என்று தெரிந்தே பந்தயச் சீட்டு எடுத்து, பணம் வாங்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டவர்கள் நிறைய. அந்தச் சீட்டுகள் வெப்பத்தாளில் அச்சானவை. வெயிலிலோ காருக்குள்ளோ விட்டால் எழுத்து மங்கிவிடும். லேமினேட் செய்தால் சூட்டில் முழுவதும் கறுத்துப்போகும். முதல் நாளே நகல் எடுத்துவிட்டு, மூலத்தை பாலிப்ரொப்பிலீன் உறையில் இருட்டான இடத்தில் வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், அது எழுத்தை மங்கச் செய்யும்.

ஓட்டம் நின்ற பிறகு

2013இல் ராண்ட்விக்கில் டி. ஜே. ஸ்மித் ஸ்டேக்ஸோடு ஓய்வு. 2024 ஆகஸ்ட் 17 அன்று, பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னால், குட்டி ஈன்ற சிறிது நேரத்தில், குளம்பழற்சி நோயால் பிளாக் கேவியர் இறந்தது. அது பிறந்த ஊரான நகம்பியில் வெண்கலச் சிலை நிற்கிறது. மெல்போர்னிலிருந்து வடக்கே சுமார் 120 கிலோமீட்டர், பொது இடம், யாரும் போகலாம். இனப்பெருக்கப் பண்ணைகளுக்கு அப்படிப் போக முடியாது; முன் அனுமதி கட்டாயம்.

குடும்பத்தைத் தொடர விரும்பினால் தாயின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் வைக்காத குட்டிகள் ‘தந்தை – தாய்’ என்ற ஜோடிப் பெயரிலேயே விற்பனைப் பட்டியலில் வரும். தந்தை மட்டும் ஒன்றாக இருந்தால் ரேஸ் உலகம் உடன்பிறப்பு என்று சொல்லாது; ஒரு பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு நூற்றுக்கும் மேல் குட்டிகள் உண்டு. தாய் ஒன்றாக இருந்தால்தான் சகோதரன். பிளாக் கேவியரின் தந்தை பெல் எஸ்பிரி, தாய் ஹெல்சிங்கே. 2012 கால்ஃபீல்டு கினீஸை வென்ற ஆல் டூ ஹார்டும் ஹெல்சிங்கேயின் பிள்ளைதான். நோட்டின் கடைசிப் பக்கங்களை ஹெல்சிங்கேயின் பெயரில் தொடங்குங்கள்: அதன் மகள்கள், அவற்றின் குட்டிகள், ஒவ்வொன்றுக்கும் பிறந்த ஆண்டு, தந்தை, முதல் ஓட்டத்தின் தேதி.