மாஸ்டடானில் சர்வர் மாறுவது எப்படி: கணக்கும் குழுவும்

மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, ஊருக்குள்ளே வண்டியூர் கண்மாய் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கும் பறவைப் படங்களை நாலு வருஷமாக மாஸ்டடானில் போட்டு வருகிறேன். ட்விட்டர் மாதிரியான சமூக வலைத்தளம் இது, ஆனால் ஒரே நிறுவனம் நடத்துவதில்லை. தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து ஓடும், நம் கணக்கு அதில் ஏதாவது ஒன்றில் இருக்கும். நான் இருந்த சின்ன சர்வரை மூடப்போவதாகப் போன மாதம் அறிவிப்பு வந்தது. மதுரையில் என்னோடு படம் எடுக்க வரும் நண்பர்கள் நாலைந்து பேரும் அதே சர்வரில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறிவிட வேண்டும். உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு "இவர் இங்கே போய்விட்டார்" என்று சொல்வது பழைய சர்வர்தான். அது நின்றுவிட்டால் சொல்ல ஆளில்லை.

இன்னொன்று, பதிவுகள் கூட வராது. பின்தொடர்பவர்கள் மட்டும்தான் வருவார்கள். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2024 கடைசியில் ஊரே திரண்டபோது அரிட்டாபட்டியில் எடுத்த படங்கள், அவற்றின் கீழே ஊர்க்காரர்கள் எழுதிய பதில்கள் எல்லாம் பழைய கணக்கில்தான் இருக்கின்றன. எனக்கு இதுதான் பெரிய வலி. அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன் அமைப்புகளில் 'இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்' பக்கத்துக்குப் போய் முழுத் தொகுப்பைக் கேளுங்கள். 7 நாளுக்கு ஒரு முறைதான் கேட்க முடியும். நீங்கள் போட்ட பதிவுகளும் படங்களும் அதில் கிடைக்கும், மற்றவர்கள் எழுதிய பதில்கள் கிடைக்காது. முக்கியமானவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகுப்பைப் புதிய மாஸ்டடான் கணக்கில் ஏற்றவும் முடியாது, கையில் வைத்துக்கொள்ளத்தான்.

அதே பக்கத்தில் நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், புக்மார்க்குகள் ஆகியவை தனித்தனி சிஎஸ்வி கோப்புகளாக (அட்டவணை மாதிரியான எளிய கோப்புகள்) இருக்கும். எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது புதிய சர்வரில் கணக்கு தொடங்குங்கள். மூடுவதாக இருந்தால் 3 மாதம் முன்பே சொல்வோம் என்பது மாஸ்டடானின் சர்வர் உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை. அதை ஏற்ற சர்வர்கள் ஜாயின்மாஸ்டடான் தளத்தில் பட்டியலாக இருக்கின்றன. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து வருவதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வேலையைப் புதிய வீட்டில் தொடங்க வேண்டும். புதிய கணக்கில் அமைப்புகள், அக்கவுண்ட், 'மூவிங் ஃப்ரம் எ டிஃபரென்ட் அக்கவுண்ட்' என்று போய், பழைய கணக்கின் முழு முகவரியை சர்வர் பெயரோடு சேர்த்துக் கொடுத்து ஏலியஸ் உருவாக்குங்கள். "அது நான்தான்" என்று புதிய கணக்கு ஒப்புக்கொள்வது இது. இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் தன்னைப் பின்தொடர்பவர்களை உங்கள் தலையில் கட்டிவிடலாம்.

அப்புறம் பழைய கணக்குக்கு வாருங்கள். அதே அக்கவுண்ட் பக்கத்தில் 'மூவ் டு எ டிஃபரென்ட் அக்கவுண்ட்' இருக்கும். புதிய முகவரியையும் பழைய கணக்கின் கடவுச்சொல்லையும் கொடுத்து உறுதிசெய்யுங்கள். அதற்கு முன் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள், ஏனென்றால் ஒரு முறை மாறினால் 30 நாளுக்கு மறுபடி மாற முடியாது. பின்தொடர்பவர்கள் ஒரே நொடியில் வந்துவிட மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள், பயப்பட வேண்டாம்.

கடைசியாக சிஎஸ்வி கோப்புகளைப் புதிய கணக்கில் ஏற்றுங்கள். 'மெர்ஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஓவர்ரைட்' கொடுத்தால் அங்கே ஏற்கெனவே இருப்பது போய்விடும்.

மாஸ்டடான் போலவே பல சர்வர்களில் ஓடும் விவாதக் குழுத் தளமான லெமியில் குழு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் கண்மாய்ப் பறவைக் குழு அங்கே இருந்தது. லெமியில் குழுவை அப்படியே தூக்கி வேறு சர்வரில் வைக்கும் வசதி கிடையாது. புதிய சர்வரில் புதிய குழு தொடங்கி, பழைய குழுவில் எப்போதும் மேலேயே நிற்கும்படி புதிய குழுவின் முகவரியைப் 'பின்' (pin) செய்து வைத்தோம். பக்கவாட்டு விளக்கத்திலும் எழுதினோம். இரண்டு வாரம் கழித்து, மட்டுறுத்துநர்கள் மட்டுமே பதிவிடலாம் என்று பழைய குழுவை மாற்றினோம். இதற்கு நடுவில் வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னோம். பின் செய்த பதிவைப் பார்த்து வந்தவர்களைவிட அப்படி வந்தவர்களே அதிகம்.