ஒரே அறை, ஐந்து வகுப்பு, நூறு பனங்கொட்டை

ஈராசிரியர் பள்ளிக்குப் புதிதாக வந்து சேர்கிற டீச்சர்கள் போன் செய்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அஞ்சு வகுப்பையும் எப்படிக்கா சமாளிக்கீங்க?" அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அந்த இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், அன்றைக்கு ஒன்று முதல் ஐந்து வரை எல்லாரும் நம் தலையில்தான்.

நான் இருப்பது திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளைப் பக்கம். வேலைக்கு வந்த முதல் இரண்டு வருஷம் ஐந்து வகுப்புக்கும் ஐந்து பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போவேன். ஒன்றையும் முடிக்காமல் சாயங்காலம் வீடு திரும்புவேன். இரண்டாம் வகுப்புக்குப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தால் முதுகுக்குப் பின்னால் நான்காம் வகுப்பில் அடிதடி நடக்கும்.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு வழி பிடிபட்டது. எல்லா வகுப்புக்கும் பொதுவாக ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு வகுப்பு செய்கிற வேலை இன்னொரு வகுப்புக்குத் தேவைப்பட வேண்டும். ஒன்றாம் வகுப்பு எண்ணித் தந்தால்தான் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு ஓடும் என்று ஆகிவிட்டால், பிள்ளைகளே ஒருவரை ஒருவர் விரட்டி வேலை வாங்கிவிடுவார்கள். நம் தொண்டைக்கும் ஓய்வு.

எங்கள் ஊரில் அந்தப் பொருள் பனங்கொட்டை. ஆவணி, புரட்டாசியில் பழம் விழுகிறது, தைப்பொங்கலுக்குக் கிழங்கு வருகிறது. முப்பருவ முறைக்கென்றே செய்துவைத்த மாதிரி, முதல் பருவத்தின் கடைசியில் பாத்தி போட்டால் மூன்றாம் பருவத் தொடக்கத்தில் பிடுங்கலாம்.

படி 1: கொட்டை சேர்ப்பது

பழம் பொறுக்கப் போகும் முன் விளைக்காரரிடம், அதாவது பனந்தோப்புக்குச் சொந்தக்காரரிடம், கேட்டுவிடுங்கள். நான் நேரில் போய்க் கேட்பதில்லை, ஐந்தாம் வகுப்பைக் கடிதம் எழுதச் சொல்வேன். அனுப்புநர், பெறுநர் எல்லாம் வைத்து எழுதிய கடிதத்தை ஒரு நிஜ மனிதர் கையில் கொடுத்து, அவர் படித்துப் பார்த்து "சரி, எடுத்துக்கோங்க பிள்ளைகளா" என்று சொல்லும்போது, தேர்வுக்குக் கடிதம் எழுதுவதும் இதுவும் ஒன்றல்ல என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

பொறுக்கிய பழங்களை ஒரு மூலையில் குவித்து ஒரு வாரம் விடுங்கள். சதை அழுகிக் கழன்றுவிடும். அவசரப்பட்டு அன்றைக்கே பிய்க்க விட்டேன் ஒரு வருஷம். பனம்பழச் சாறு சட்டையில் பட்டால் போகாது. மறுநாள் காலை வாசலில் ஐந்து அம்மாமார் நின்றார்கள், கையில் மஞ்சளாகிப் போன யூனிபார்ம் சட்டையோடு.

சதையைப் பிரிக்கும்போது ஒரு காரியம் மறக்காதீர்கள். ஒரு பழத்தில் எத்தனை கொட்டை இருந்தது என்பதை உடனே குறிக்க வேண்டும். பொதுவாக மூன்று இருக்கும், இரண்டும் உண்டு, சிலதில் ஒன்றுதான். இந்தக் குறிப்பு மூன்றாம் வகுப்பின் வேலை. ஒரு சார்ட் தாளில் மூன்று கட்டம் போட்டு, பழத்துக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே.

படி 2: பாத்தி போடுவது

மூன்றரை அடிக்கு மூன்றரை அடி சதுரம் போதும். அதில் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை, நூறு கொட்டை நெருக்கமாக உட்கார்ந்துவிடும். நூறு என்பதை மாற்றாதீர்கள், ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

மண்தான் முக்கியம். பனங்கொட்டை கீழ்நோக்கி முளைக்கிற சாதி. கிழங்கு ஒரு அடிக்கு மேல் இறங்கும், அதனால் தரைக்கு மேலே ஒன்றரை அடியாவது பொலபொலவென்று மண்ணைக் குவித்து மேடாக்கிக்கொண்டு, அதன் தலையில் கொட்டையை அடுக்க வேண்டும். எங்களுக்குச் செம்மண்தேரி, பொலபொலவென்ற செம்மணல் மேடு, கவலை இல்லை. கரிசல் பக்கம் இருப்பவர்கள் பாதிக்குப் பாதி மணல் கலந்துகொள்ளுங்கள். நான் முதல் வருஷம் இதெல்லாம் யோசிக்காமல், கொடிக்கம்பத்துக்குப் பின்னால் இறுகிக் கிடந்த தரையை இரண்டு கொத்து கொத்திவிட்டுப் புதைத்தேன். தை மாதம் தோண்டினால் கிழங்கு கட்டை விரல் மாதிரி குட்டையாகச் சுருண்டு கிடந்தது. பாதி மண்வெட்டி பட்டே ஒடிந்தது.

அடுக்கிய கொட்டைக்கு மேல் லேசாக மண் தூவினால் போதும். மழை பிடிக்கும் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் நமக்கு வேலையே இல்லை. ஆடு, கோழி வராமல் சுற்றிலும் கருக்குமட்டை, அதாவது ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி பல் இருக்கும் பனைமட்டை, நட்டுவிடுங்கள். பிள்ளைகள் கையில் கருக்கு கிழிக்காதபடி பெரியவர் யாரையாவது வைத்து நடுவது நல்லது.

பெரிய பாத்திக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு மேடு போட்டு, அதில் அந்த நூறில் சேராத பத்துக் கொட்டையைத் தனியாகப் புதையுங்கள். இதைச் சோதனை மேடு என்று வைத்துக்கொள்வோம். உயிரான வேலை அங்கேதான் நடக்கப்போகிறது.

படி 3: ஆளுக்கொரு வேலை

ஒன்றாம் வகுப்பு கொட்டைகளைப் பெரிது, சிறிது என்று பிரிக்கும். பத்துப் பத்தாக, ஓலையில் முடைந்த கடகப்பெட்டியில் போடும். பத்துப் பெட்டி ஆனதும் நூறு. இந்தப் பத்து என்கிற குவியலை ஒருமுறை கையால் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு, பின்னால் இடமதிப்பு சொல்லிக்கொடுக்கும்போது நீங்கள் பாதி வேலை செய்தால் போதும். எழுத்துக்கும் தனியாக எங்கும் போக வேண்டாம்: பழம், பனை, பெட்டி, மட்டை, ஓலை எல்லாம் எதிரிலேயே இருக்கிறது.

இரண்டாம் வகுப்பு பாத்தியின் மேல் நூல் கட்டும். பத்துக்குப் பத்து கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று முதல் நூறு வரை எண் எழுதிய பழைய அழைப்பிதழ் அட்டைத் துண்டு, ஈர்க்குக் குச்சியில் சொருகி. இப்போது பாத்தியே நூறு கட்ட அட்டவணை ஆகிவிட்டது. "நாப்பத்தேழுக்கு நேர் கீழே யாரு?" என்று கேட்டால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து "ஐம்பத்தேழு டீச்சர்" என்பார்கள். நாலைந்து நாளில் ஓடாமலே சொல்வார்கள். நூறை மாற்ற வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான்.

பாத்தியின் நீளத்தைச் சாணால் அளக்கவும் இவர்களையே விடுங்கள். ஒருத்திக்கு ஏழு சாண் வரும், பக்கத்திலிருப்பவனுக்கு எட்டு வரும். "ஏட்டி, நீ சரியா அளக்கல" என்று சண்டை வரும். சண்டை நன்றாக முற்றிய பிறகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள், முன்னாலேயே நீட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் வகுப்பு தன் கோடுகளைப் பெருக்கலாக மாற்றும். போன தடவை எங்கள் சார்ட்டில் மூன்று கொட்டைப் பழம் 25, இரண்டு கொட்டை 11, ஒற்றைக் கொட்டை 3. 75, 22, 3, கூட்டினால் சரியாக 100. ஒன்றாம் வகுப்பின் பத்துப் பெட்டியும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். முதலில் ஒத்துப்போகவில்லை, 99தான் வந்தது. மூன்றாம் வகுப்பு போய் ஒன்றாம் வகுப்பை அதட்ட, பெட்டிகளைத் திரும்ப எண்ணினால் ஒரு பெட்டியில் ஒன்பதுதான் இருந்தது. குறைந்த கொட்டை ஒரு பையன் புத்தகப் பைக்குள் இருந்தது. "வீட்டுலயும் நடலாம்னு வச்சேன் டீச்சர்" என்றான். அவனுக்கு வேறு ஒன்று கொடுத்தேன்.

நான்காம் வகுப்புக்கு மழை. ஒரே பருமனாக இருக்கும் தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே புனல் மாதிரி கவிழ்த்து வையுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்குமே, அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அதற்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினமும் காலையில் பள்ளிக்கு வந்ததும் மில்லிமீட்டரில் குறித்துவிட்டுத் திரும்பக் கோட்டு மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும், வெறுமனே விடக்கூடாது. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வகுப்பு மற்ற நான்கு வகுப்பின் தாள்களையும் வாங்கி ஒரே நோட்டில் சேர்க்கும். கூடவே சோதனை மேடும் அவர்கள் பொறுப்பு.

படி 4: நேரம் பிரிப்பது

வாரத்தில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம், புத்தகப் பாடமும் நடக்க வேண்டுமே.

முதல் கால் மணி நேரம் நான் ஒன்றாம் வகுப்போடு தரையில் உட்கார்ந்துவிடுவேன். பெரிய பிள்ளைகளுக்கு என்ன வேலை என்பது காலையிலேயே பலகையில் இருக்கும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெரியவர்களுக்கு விளக்கிவிட்டுச் சின்னவர்களிடம் வரலாம் என்று. அதற்குள் சின்னவர்கள் வாசலில் இருப்பார்கள். அப்புறம் இரண்டு, மூன்று வகுப்புகளுக்குப் பத்து பத்து நிமிடம். அந்த நேரத்தில் ஒன்றாம் வகுப்பை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பார்த்துக்கொள்வாள். ஒவ்வொரு வாரமும் ஆளை மாற்றுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையையே எப்போதும் அனுப்பினால் அவள் படிப்பு போய்விடும்.

வேலை முடிந்த தாள் உடனே கம்பிப் பந்தலில், அதாவது வகுப்பறைக்குள் தாள் தொங்கவிடக் கட்டிய கம்பியில், தொங்க வேண்டும். செயல்வழிக் கற்றல் காலத்தில் கட்டிய கம்பி இன்னும் பல பள்ளிகளில் சும்மாதான் கிடக்கிறது. தூசி தட்டிப் பயன்படுத்துங்கள். மூன்றாம் வகுப்புக்கு ஒன்றாம் வகுப்பின் தாள் வேண்டுமென்றால் நம்மிடம் வராமல் நேரே கம்பிக்குப் போய்விடுவார்கள்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலை பார்த்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று உட்கார வைத்திருப்பீர்கள். அதைக் கலைக்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் அரும்பு நிலையில் இருக்கிற பிள்ளை பெட்டியில் பத்து எண்ணுகிற வேலையைச் செய்யட்டும். அடுத்த மாதம் கோடு போடுகிற வேலைக்கு நகரட்டும். எல்லாம் ஒரே பாத்தி என்பதால் தான் கீழே இருக்கிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றாது.

படி 5: ஒன்றும் தெரியாத இரண்டு மாதம்

இங்கேதான் பல பேர் கைவிட்டுவிடுவார்கள். அவரைவிதை போட்டால் ஒரு வாரத்தில் இலை வந்துவிடும். பனங்கொட்டை போட்டால் வாரக்கணக்கில் மேலே ஒன்றுமே இருக்காது. "செத்துப் போச்சு டீச்சர்" என்பார்கள்.

அதற்குத்தான் சோதனை மேடு. மூன்று வாரம் கழித்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அங்கிருந்து ஒரு கொட்டையை மட்டும் மண்ணோடு மெதுவாக எடுங்கள். முதல் தடவை கொட்டையின் கண்ணிலிருந்து வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்ததும் எல்லாரும் வேர் என்பார்கள். இல்லை. செடியின் கரு அந்த முளையின் நுனிக்குள் இருக்கிறது. கொட்டை தன் பிள்ளையை முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறக்கி வைக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கிழங்கு கட்டுகிறது, இலை அப்புறம்தான் மேலே வருகிறது. வறண்ட நிலத்தில் வளர்கிற மரத்துக்கு இது நல்ல ஏற்பாடு.

ஐந்தாம் வகுப்பு ஒவ்வொரு தடவையும் முளையை நூல் வைத்து அளந்து, அந்த நூலையே அந்த நீளத்துக்கு வெட்டி, தாளில் தேதி எழுதி ஒட்டும். நாலைந்து நூல் வரிசையாக ஒட்டியதும் அதுவே பட்டை வரைபடம். வரைபடம் என்று நான் சொல்லாமலே ஒரு பையன் நூல்களின் நுனியைத் தொட்டு, "படிக்கட்டு மாதிரி இருக்கு" என்றான். பக்கத்தில் நான்காம் வகுப்பின் மழைத் தாளை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அன்றைய வாதம் மணி அடித்த பிறகும் ஓயவில்லை.

எடுத்த கொட்டையைப் பெரியவர் ஒருவர் அரிவாளால் பிளந்து காட்டட்டும். எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பனையேறித் தாத்தா வருவார். பிள்ளைகள் கையில் அரிவாள் கூடவே கூடாது. உள்ளே கெட்டியான வெள்ளைப் பருப்பைத் தின்றுகொண்டே பஞ்சு மாதிரி தவுண் வளர்ந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் தவுண் பெரிதாகும், பருப்பு தேயும். பிளந்த பாதியைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து வண்ணம் தீட்ட இரண்டாம் வகுப்பைக் கூப்பிடுங்கள். பிறகு தவுணைப் பங்கு வையுங்கள். ஒரு தவுண், பதினெட்டுப் பேர்: பின்னம் நடத்த இதைவிடச் சண்டைக்குரிய பொருள் எனக்குக் கிடைத்ததில்லை.

படி 6: பிடுங்கும் நாள்

பொங்கல் விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து இழுத்தால் ஒடியும். மேட்டின் ஒரு பக்கத்திலிருந்து மண்ணைச் சரித்துக்கொண்டே வந்தால் கிழங்குகள் நட்டமாக நிற்பது சுவர் மாதிரி தெரியும். அதை ஒரு நிமிடம் எல்லாரையும் பார்க்க விடுங்கள், அப்புறம் கை வைக்கலாம்.

பிடுங்கும்போது எண் அட்டை பக்கத்திலேயே இருக்க வேண்டும். எந்தக் கட்டம் முளைத்தது, எது முளைக்கவில்லை என்று இரண்டாம் வகுப்பு தன் நூறு கட்டத் தாளில் வண்ணம் அடிக்கும். ஐந்தாம் வகுப்பு அதை நூறில் எத்தனை என்று எழுதும். போன தடவை எங்களுக்கு 83. முளைக்காத 17 கட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே ஓரத்தில் இருந்தன. ஏன் என்று கேட்டதற்கு, தண்ணீர் ஊற்றும் முறை வந்தவர்கள் அந்தப் பக்கம் கருக்குமட்டைக்குப் பயந்து போகவில்லை என்று கடைசியில் ஒரு பிள்ளை ஒத்துக்கொண்டது.

கிழங்கைக் கழுவி, தோலுரித்து, உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்டு அவியுங்கள். சத்துணவு அக்காவிடம் முந்தின நாளே சொல்லி வைத்தால் பெரிய பாத்திரம் தருவார். தின்னும்போது நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிட வேண்டும், நாரை உரித்துவிட்டுக் கடிக்க வேண்டும். இதை மட்டும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்காது, அவர்கள்தான் நமக்குச் சொல்லித்தருவார்கள்.

பாத்தி இருந்த இடத்தை அன்றைக்கே சமப்படுத்திவிடுங்கள். இல்லையென்றால் விடுமுறை முடிந்து வரும்போது அது கோலிக்குழி ஆகியிருக்கும், அடுத்த ஆவணி வரை அந்த இடத்தைத் திரும்ப வாங்க முடியாது.