மேடையில் நல்ல கிட்டார் டோன்: ப்ராசஸரை நேரடியாக மிக்ஸரில் இணைப்பவர்களுக்கு

மெல்லிசைக் கச்சேரியிலும் தேவாலய ஆராதனையிலும் கல்லூரி விழாக்களிலும் வாசிக்கும் கிட்டார் கலைஞர்களில் பலர் இப்போது ஆம்ப் எதையும் மேடைக்குக் கொண்டு செல்வதில்லை. ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸரைக் காலடியில் வைத்து, அதிலிருந்து ஒரு கேபிளை நேராக மிக்ஸருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சுமை குறைகிறது, பழைய பாடல்களுக்கான க்ளீன் டோனும் புதிய பாடல்களுக்கான டிஸ்டார்ஷனும் ஒரே பெட்டிக்குள் கிடைக்கின்றன. ஆனால் வீட்டில் ஹெட்ஃபோனில் மணிமணியாகக் கேட்ட டோன், ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தவுடன் ஒன்று அமுங்கிக் காணாமல் போகிறது, அல்லது காதைக் குத்துகிறது. இதற்குக் கருவியின் விலையைக் குறை சொல்வது பெரும்பாலும் தவறு. மக்கள் கேட்கப்போகும் ஒலியளவில், அவர்கள் கேட்கப்போகும் வகை ஸ்பீக்கரில், உடன் வாசிப்பவர்களின் ஒலிக்கு நடுவே வைத்து அந்த டோன் அமைக்கப்படவில்லை என்பதே காரணம்.

முதலில் ஒலியளவைப் பார்ப்போம். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் கேட்பதில்லை என்பதையும், அந்த வேறுபாடு ஒலியளவுக்கு ஏற்ப மாறுகிறது என்பதையும் அளந்து காட்டியது. ஒலி குறைவாக இருக்கும்போது பேஸும் உச்ச ட்ரெபிளும் காதுக்கு மங்கலாகவே எட்டுகின்றன. ஒலியைக் கூட்டக் கூட்ட அவை மிட் எனப்படும் நடு அதிர்வெண் பகுதிக்கு ஈடாக எழுந்து வருகின்றன. இரவில் அறைக்குள் மெதுவாக வைத்து டோன் அமைப்பவர், தம்மை அறியாமலேயே பேஸையும் ட்ரெபிளையும் கூட்டி மிட்டைக் குறைத்துவிடுகிறார். அப்படிச் சேமித்த டோன் அமைப்பு, அதாவது பேட்ச், பெரிய ஸ்பீக்கரில் முழு ஒலியளவில் வரும்போது கீழே குமுறுகிறது, மேலே கீறுகிறது, நடுவில் ஒன்றுமே இருப்பதில்லை.

ஆகவே பேட்ச்களை ஒத்திகை அறையில் உள்ள, அரங்குக்கு ஒலி தரும் வகையான பி.ஏ. ஸ்பீக்கரிலோ, கிட்டாருக்கென்று தனி நிறம் சேர்க்காத பவர்டு மானிட்டரிலோ, பக்கத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 85 முதல் 90 டெசிபல் வரை ஒலியை வைத்து அமைக்க வேண்டும். இதற்கு, வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்பர் பெரிய துணை. உங்கள் கருவி அனுமதித்தால் லூப்பரை எஃபெக்ட் வரிசையின் தொடக்கத்தில், எல்லா எஃபெக்டுக்கும் முன்னால் வையுங்கள். சில கார்டுகளையும், தாழ்ந்த தந்திகளில் உள்ளங்கையால் அமுக்கி வாசித்த ஒரு துணுக்கையும், மேல் தந்திகளில் ஒரு லீட் வரியையும் பதிவு செய்து ஓடவிடுங்கள். பதிவானது எஃபெக்ட் ஏறாத வெறும் கிட்டார் சிக்னல் என்பதால், நீங்கள் ஸ்பீக்கருக்கு எதிரே சில அடி தள்ளி நின்று கேட்டுவிட்டு வந்து எந்தக் குமிழைத் திருப்பினாலும் மாற்றம் உடனே தெரியும். கையில் கிட்டாரோடு, ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று, வாசித்துக்கொண்டே டோன் திருத்துபவருக்கு அந்த மாற்றம் பாதிதான் கேட்கும்.

கேபினட்டைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியாக நாம் பழகியிருப்பது 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கரின் ஒலி. அந்த வகை ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கரகரப்பான மேல் அதிர்வெண்களை அதுவே வடிகட்டிவிடுகிறது. பி.ஏ. ஸ்பீக்கரோ 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் தெளிவாகத் தரக்கூடியது. ஆகவே மிக்ஸருக்கு நேரடியாகச் செல்லும்போது கேபினட் எனப்படும் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினட் சிமுலேஷனோ, அந்தப் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் எனப்படும் ஐஆர் கோப்போ கட்டாயம் இயங்க வேண்டும். அது இல்லாத டிஸ்டார்ஷன் எவ்வளவு நல்ல ஆம்ப் மாடலில் இருந்து வந்தாலும் தேனீக் கூட்டம்போல இரையும்.

இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். சில மேடைகளில் ரோலண்ட் ஜேசி-120 போன்ற ஆம்பை வாடகைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். அதற்குள் ஏற்கெனவே இரண்டு 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்கள் உள்ளன. கேபினட் சிமுலேஷனோடு அதில் வாசித்தால் ஒரு கேபினட்டின் ஒலியை இன்னொரு கேபினட் வடிகட்டும். டோன் போர்வைக்குள் இருந்து வருவதுபோல மங்கிவிடும். அங்கே கேபினட்டை அணைத்துவிட்டு, ஆம்பின் பின்புறமுள்ள ரிட்டர்ன் துளையில் இணைப்பதே நல்லது. பாஸ் நிறுவனத்தின் ஜிடி-1 போன்ற ப்ராசஸர்களில் அவுட்புட் செலக்ட் என்றொரு அமைப்பு உண்டு. எதனோடு இணைக்கிறீர்கள் என்பதை அதில் சொல்ல வேண்டும். மிக்ஸரென்றால் லைன்/ஃபோன்ஸ் என்று வையுங்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே ஆண்டுக்கணக்கில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். டோன் பிடிக்காமல் கருவியை விற்கும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எந்தக் கேபினட் என்ற கேள்விக்கு என் உறுதியான பரிந்துரை, ஒன்றைத் தேர்ந்து எல்லாப் பேட்ச்களிலும் அதையே பயன்படுத்துங்கள் என்பதுதான். செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் பொருத்திய ஒரு கேபினட், அதன் முன் ஷூர் எஸ்எம்57 மைக், மைக்கின் நிலை ஸ்பீக்கரின் நடு மூடிக்கும் கூம்புக்கும் இடைப்பட்ட விளிம்பில்: இந்தச் சேர்க்கையோ இதற்கு நெருங்கியதோ பல கருவிகளில் கிடைக்கும். மைக் நடுவை நோக்கி நகர்ந்தால் ஒலி கூர்மையாகும், வெளியே நகர்ந்தால் மென்மையாகும். அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் தொடும் முன் இந்த நகர்வை முயன்று பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு கேபினட் மாறினால் சவுண்ட் எஞ்சினியர் உங்கள் சேனலுக்குச் செய்த ஈக்யூ அடுத்த பாட்டிலேயே பொருந்தாமல் போகும். கேபினட் ஒன்றாகவே இருந்தால், அவர் சவுண்ட் செக்கில் ஒருமுறை செய்த திருத்தம் கச்சேரி முடியும்வரை பொருந்தும்.

கேபினட்டுக்குப் பிறகு தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஒரு லோ கட், உயர்ந்தவற்றை வெட்டும் ஒரு ஹை கட் வையுங்கள். கிட்டாரின் ஆறாவது தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். ஆனால் குழுவோடு வாசிக்கும்போது அந்தப் பகுதி பேஸ் கிட்டாருக்கும் கிக் ட்ரம்முக்கும் உரியது. 100 ஹெர்ட்ஸ் அளவில் லோ கட்டைத் தொடங்கி, உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கும்போது வரும் 'தும்' என்ற குமுறல் அடங்கும்வரை மெல்ல மேலேற்றுங்கள். தனியாகக் கேட்டால் ஒலி மெலிந்துவிட்டதாகத் தோன்றும்; பேஸ் கிட்டார் சேர்ந்ததும் அந்த மெலிவு தெரியாது. ஹை கட்டை 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஏதோ குத்துகிறதென்றால், பாராமெட்ரிக் ஈக்யூவில் ஒரு குறுகிய பட்டையை 6 டெசிபல் உயர்த்தி, 2 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4.5 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் காது கூசும். அந்த இடத்தில் உயர்த்தியதை விட்டுவிட்டு 2 முதல் 4 டெசிபல் குறைத்தால் போதும்.

கெயின் குறைய, மிட் நிறைய

தனியாக வாசிக்கும்போது டிஸ்டார்ஷன் அதிகமாக இருப்பது சுகம். குழுவோடு அது தீங்கு. டிஸ்டார்ஷனின் அளவைத் தீர்மானிக்கும் கெயின் கூடினால் ஒலி நசுங்கி, விரலின் அழுத்தமும் பிக் தந்தியைத் தொடும் கணமும் மழுங்குகின்றன. ட்ரம்ஸுக்கு நடுவே கிட்டாரைக் காட்டிக்கொடுப்பதே அந்தத் தொடு கணம்தான். வீட்டில் வைத்த கெயினில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டுக் குழுவோடு வாசித்துப் பாருங்கள், டோன் முன்னே வருவது தெரியும். ரிதமுக்குக் கிட்டாரின் வால்யூம் குமிழை 6 அல்லது 7க்கு இறக்கியும், லீடுக்கு 10க்கு ஏற்றியும் வாசிக்கப் பழகினால் பாதிப் பேட்ச்கள் தேவைப்படாது.

மிட் பகுதியே கிட்டாரின் சொந்த வீடு. 800 ஹெர்ட்ஸிலிருந்து 1.5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் குறைத்துவிட்டு, கிட்டார் கேட்கவில்லை என்று ஒலியளவைக் கூட்டச் சொல்வதில் பயனில்லை. அதே சமயம் மெல்லிசை மேடையில் இரண்டு கீபோர்டுகள் ஸ்ட்ரிங்ஸும் பேடும் வாசித்துக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தில் நெரிசல் ஏற்படும் என்பதும் உண்மை. அதை ஈக்யூவால் தீர்ப்பதைவிட வாசிப்பால் தீர்ப்பது எளிது: கீபோர்டு கீழ் ஆக்டேவில் நிறைந்த கார்டுகளைப் பிடித்திருந்தால், நீங்கள் மேல் நான்கு தந்திகளில் மூன்று சுரக் கார்டுகளுக்கு நகருங்கள். பேஸ் கிட்டார் கலைஞர் இருக்கும்போது கீபோர்டின் இடது கையைச் சற்று விலக்கிக்கொள்ளும்படி நண்பராகக் கேட்டுக்கொள்வதிலும் தவறில்லை.

கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டும் க்ளீன் ஆர்ப்பெஜியோக்களுக்கு, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸர் நல்லது. 3:1 போன்ற மிதமான விகிதத்தில், கூர்மையான உச்சங்கள் மட்டும் தணியுமளவு வையுங்கள். மேடையின் விளக்குகளும் எல்இடி திரையும் சிங்கிள் காயில் பிக்கப்பில் இரைச்சலை ஏற்றினால், வாசிக்காதபோது ஒலியை அடைக்கும் நாய்ஸ் கேட்டை வரிசையின் தொடக்கத்தில் போட்டு, இரைச்சல் அடங்கும் இடத்துக்குச் சற்று மேலே மட்டும் வரம்பை வையுங்கள். அதிகமாக வைத்தால் நீளும் சுரத்தின் வால் வெட்டுப்படும். கிட்டாரோடு சற்றுத் திரும்பி நிற்பதும் இரைச்சலைக் கணிசமாகக் குறைக்கும்.

ரிவெர்பையும் டிலேயையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கல்யாண மண்டபத்தின் சுவர்களே வேண்டிய அளவு எதிரொலி தருகின்றன. ஆகவே வீட்டில் வைத்த ரிவெர்பைப் பாதியாக்குங்கள். திறந்தவெளி மேடையென்றால் சற்றுக் கூட்டலாம். டிலேயின் மிக்ஸ் 15 முதல் 20 விழுக்காடு, அதன் எதிரொலிகளில் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டு, நேரம் பாட்டின் தாளத்துக்குத் தட்டி அமைக்கும் டேப் டெம்போ வழியாக: இவ்வளவு போதும். பெரும்பாலான மேடைகளில் கிட்டாருக்கு ஒரே சேனல்தான் கிடைக்கும். அப்படியானால் பேட்ச்சை மோனோவிலேயே கேட்டு அமைக்க வேண்டும். இடமும் வலமுமாக விரியும் கோரஸ், ஒரு பக்கத்தை மட்டும் சில மில்லி விநாடி தாமதிக்கும் விரிவாக்கம் ஆகியவை ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று தின்று ஒலியைப் பொத்தலாக்கும்.

பேட்ச்களின் ஒலியளவும் மிக்ஸருக்குச் செல்லும் வழியும்

சவுண்ட் எஞ்சினியரின் நம்பிக்கையை இழக்க விரைவான வழி, க்ளீன் பேட்ச்சுக்கும் டிஸ்டார்ஷன் பேட்ச்சுக்கும் இடையே ஒலியளவு தாறுமாறாக மாறுவதுதான். ஒருமுறை அவர் ஃபேடரை இறக்கிவிட்டால் உங்கள் லீடுக்கு அவர் திரும்ப ஏற்றுவார் என்று சொல்ல முடியாது. மீட்டரில் இரண்டும் சமமாகத் தெரிந்தாலும், நசுங்கிய டிஸ்டார்ஷன் காதுக்கு அதிக ஒலியாகப் படும். ஆகவே மீட்டரைவிடக் காதையே நம்ப வேண்டும். க்ளீன் பேட்ச்சை அளவுகோலாக வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு, பேட்ச்சின் இறுதி ஒலியளவில் திருத்துங்கள். ஆம்பின் கெயினைத் தொட்டால் டோனே மாறிவிடும். லீடுக்கு 3 டெசிபல் அளவு பூஸ்டை ஆம்ப், கேபினட் இரண்டுக்கும் பிறகு வையுங்கள். அதையே ஆம்புக்கு முன்னால் வைத்தால், ஏற்கெனவே டிஸ்டார்ஷனில் இருக்கும் ஆம்ப் இன்னும் நசுங்குமே தவிர ஒலி முன்னே வராது.

ஒரே பாட்டுக்குள் டோன் மாறவேண்டிய இடங்களில், சில கருவிகளில் பேட்ச் மாற்றும்போது நேரும் சிறு மௌனம் இடையூறாகும். ஹீலிக்ஸ் ப்ராசஸர்களில் ஸ்னாப்ஷாட் என்றும் ஃப்ராக்டல் ப்ராசஸர்களில் சீன் என்றும் அழைக்கப்படும் வசதி, ஒரே பேட்ச்சுக்குள் எஃபெக்ட்களை மாற்றுவதால் அந்த இடைவெளி வராது. அது இல்லாத கருவியில் ஓவர்டிரைவ், டிலே ஆகியவற்றுக்குத் தனித்தனி ஃபுட்ஸ்விட்ச் ஒதுக்கி, பழைய பெடல்போர்டைப் போல வாசிக்கலாம்.

இணைப்புக்கு, மைக் கேபிளில் உள்ளது போன்ற மூன்று முனை எக்ஸ்எல்ஆர் அவுட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் லெஃப்ட்/மோனோ துளையிலிருந்து ஒரு குட்டையான கேபிளில், கிட்டார் சிக்னலை மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் டிஐ பாக்ஸுக்குச் சென்று, அங்கிருந்து எக்ஸ்எல்ஆரில் அனுப்புங்கள். நீண்ட சாதாரணக் கிட்டார் கேபிள் வழியெல்லாம் இரைச்சலைச் சேர்த்துக்கொண்டு போகும். ஸ்டேஜ் பாக்ஸின் மைக் உள்ளீட்டுக்கு லைன் அளவு சிக்னலை அனுப்பினால் மிக்ஸரிலேயே ஒலி உடையும், அந்த உடைசலைப் பலர் ப்ராசஸரின் குறையென்று எண்ணுகிறார்கள். கருவியின் அமைப்பில் மைக் அளவைத் தேர்ந்தெடுங்கள், அல்லது சேனலில் சிக்னலை 20 டெசிபல் குறைக்கும் 'பேட்' பொத்தானைப் போடச் சொல்லுங்கள். ப்ராசஸரின் எக்ஸ்எல்ஆர் நேராக மிக்ஸருக்குப் போனால், மைக்குகளுக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை உங்கள் சேனலில் அணைத்துவிடும்படியும் கேளுங்கள். ஹம் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின் பிளக்கின் எர்த் முனையை நீக்குவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யக்கூடாது; ஒரு கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது அது உயிரைப் பறிக்கக்கூடியது.

ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் மின்சாரம் ஒரு கணம் விழுந்தாலும் டிஜிட்டல் கருவி மறுபடி தொடங்க நேரம் எடுக்கும், பாட்டு அதற்குள் போய்விடும். சிறிய யூபிஎஸ் ஒன்று இந்தக் கவலையைத் தீர்க்கும். அடாப்டரைக் கருவியோடு வந்ததாகவே வைத்துக்கொண்டு, மாற்று ஒன்று வாங்கினால் வோல்டேஜ், முனைத் திசை, ஆம்பியர் மூன்றையும் சரிபாருங்கள்.

சவுண்ட் செக்கில் லூப்பரை ஓடவிட்டு, ட்ரம்ஸும் பேஸும் உடன் வாசிக்க, அரங்கின் நடுவே போய் நின்று கேளுங்கள். அரங்கு குமுறினாலோ கூசினாலோ பேட்ச்களைத் தனித்தனியே திருத்தாமல், எல்லாப் பேட்ச்களுக்கும் பொதுவான குளோபல் ஈக்யூவில் ஒரே திருத்தமாகச் செய்யுங்கள்; அடுத்த ஊரில் அதைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் உங்கள் பேட்ச்கள் பழையபடி இருக்கும். கச்சேரி தொடங்கிய பிறகு மானிட்டரில் கேட்பதை வைத்து டோனை மாற்றாதீர்கள். மானிட்டர் காலடியில் இருக்கிறது, ஒலி உங்கள் முழங்காலைக் கடந்துதான் காதுக்கு வருகிறது. மக்கள் கேட்பது வேறு. போதவில்லையென்றால் மானிட்டரில் மட்டும் கூட்டச் சொல்லுங்கள். நடுவில் ஏதாவது பேட்ச்சைத் திருத்த நேர்ந்திருந்தால், அதைப் பழையதன்மேல் பதியாமல் வேறொரு இடத்தில் அரங்கின் பெயரோடு சேமித்து, வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கணினியில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.