பழைய பவர் சப்ளையில் எல்.ஈ.டி. எரிய வைக்க: மூன்றுக்கு ஒரு தடையி

கணினிப் பவர் சப்ளையின் 12 வோல்ற்று மஞ்சள் வயரில் வெள்ளை எல்.ஈ.டி.களை எரிய வைப்பதானால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தடையி (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்) போடாமல், மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்து ஒரேயொரு 150 ஓம் தடையியைச் சேர்த்து, மறுமுனையைக் கறுப்பு வயரில் கொடுங்கள். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும் சாதாரண கால் வாற்றுத் தடையியே போதும். மண்ணிறம், பச்சை, மண்ணிறம் என்ற வளையங்களைப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளை எல்.ஈ.டி. ஒன்று ஏறத்தாழ 3.2 வோல்ற்றை எடுப்பதால், மூன்றும் 9.6 வோல்ற்றைப் பயன்படுத்த, மிச்சமான 2.4 வோல்ற்றை 150 ஓமால் வகுத்தால் 16 மில்லி அம்பியர் வரும். கணக்குப்படி, இந்த எல்.ஈ.டி.கள் தாங்கும் 20 மில்லி அம்பியருக்கு 120 ஓம் போதுமென்றாலும், பவர் சப்ளையின் 12 வோல்ற்று 5 சதவீதம் கூடி 12.6 ஆக உயரலாம் என்பதால் 150 ஓமே பாதுகாப்பானது. அப்போதும் மின்னோட்டம் 20ஐத் தாண்டாது. ஒற்றை எல்.ஈ.டி.க்கு 470 ஓம் தடையி போட்டால், மின்சாரத்தின் பெரும்பகுதி, ஒளியாகாமல், அந்தத் தடையியிலேயே வெப்பமாக வீணாகும்.

நான்கு வெள்ளை எல்.ஈ.டி.களைத் தொடராக்க வேண்டாம், 12 வோல்ற்று அவற்றுக்குப் போதாது. சிவப்பு எல்.ஈ.டி. சுமார் 2 வோல்ற்றே எடுப்பதால், நான்கைத் தொடராக்கி 220 ஓம் போடலாம். தடையி ஏற்கெனவே பொருத்தப்பட்ட 12 வோல்ற்று எல்.ஈ.டி. பட்டிகளுக்கும், மாறா மின்னோட்ட டிரைவர் (மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் சுற்று) தேவைப்படும் 1 வாற்று எல்.ஈ.டி.களுக்கும் இந்த முறை பொருந்தாது.