பனாட்டாமிக்-எக்ஸ் திரும்ப வரணுமா? கேக்கறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் பண்ணிப் பாருங்க

கோடக் பனாட்டாமிக்-எக்ஸ், கோடக் டெக் பேன், ஆக்ஃபா ஏபிஎக்ஸ் 25, குரோஷியாவோட எஃப்கே 25, எல்லாம் தயாரிப்பு நின்னு போன ஸ்லோ ஃபிலிம்கள், அதாவது வெளிச்சத்தை மெதுவா வாங்கற, ஐஎஸ்ஓ எண் கம்மியான ஃபிலிம்கள். இதுல ஏதாவது ஒண்ணு திரும்ப வராதான்னு கேக்காத பிளாக் அண்ட் வைட் ஆளே கிடையாது. எனக்கும் வரணும்னுதான் ஆசை, வர வாய்ப்பும் இருக்குன்னு நம்புறேன், ஆனா நமக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கிட்டு கேக்கணும். கிரெய்ன், அதாவது படத்துல தெரியற பொடிப் புள்ளிகள், கம்மியா இருக்கணும்ங்கறது மட்டும்தான் காரணம்னா அதுக்கு பதில் 80கள்லயே வந்தாச்சு, கோடக்கோட டி-மேக்ஸ் 100. தட்டையான கிரிஸ்டல் வச்சு செஞ்ச ஃபிலிம், ஐஎஸ்ஓ 100ஆ இருந்தும் கிரெய்ன்ல பழைய 32 ஐஎஸ்ஓ பனாட்டாமிக் பக்கத்துல நிக்கும். அப்போ நாம தேடறது டோன்தானா, அதாவது வெளிச்சத்துலேர்ந்து நிழலுக்கு சாம்பல் நிறம் மாறுற விதமா, அதைத்தான் டெஸ்ட் பண்ணணும்.

வழக்கமான கிரெய்ன் இருக்கற ஸ்லோ ஃபிலிமான இல்ஃபோர்ட் பேன் எஃப் பிளஸ் ஒரு ரோல், டி-மேக்ஸ் 100 ஒரு ரோல் வாங்கிக்கோங்க. ஒரே லென்ஸ், ட்ரைபாட் கட்டாயம், கையில பிடிச்சு எடுத்தா ஸ்லோ ஃபிலிம் போட்ட பலனே போயிடும். கேபிள் ரிலீஸ் இல்லன்னா செல்ஃப் டைமர் போதும். அப்பர்ச்சர் எஃப் 5.6, எஃப் 8 ரெண்டுக்குள்ளயே நில்லுங்க, எஃப் 16 வரைக்கும் போனா ஷார்ப்னெஸ் இறங்க ஆரம்பிச்சிடும்.

பேன் எஃப் 50 ஐஎஸ்ஓன்னு டப்பாவுல போட்டிருக்கும், ஆனா கான்ட்ராஸ்ட் சீக்கிரம் ஏறிடற ஃபிலிம் அது, வெயில்ல நெத்தியும் வெள்ளைச் சட்டையும் வெளுத்துப் போயிடும். அதனால மீட்டர்ல 32 வைங்க, நல்ல வெயில்ல எஃப் 8க்கு 1/125 வரும். டி-76 டெவலப்பரை தண்ணியோட ஒண்ணுக்கு ஒண்ணு கலந்து, டெவலப்பிங் சார்ட்ல இருக்கற நேரத்துல ஒரு 15 சதவீதம் குறைச்சு டெவலப் பண்ணுங்க. நம்ம ஊர் குழாய்த் தண்ணி 20 டிகிரிக்கு வராது, டெவலப்பர் பாட்டிலை ஐஸ் தண்ணியில நிக்க வச்சு இறக்குங்க. முக்கியமா எடுத்த ரோலை பையில போட்டு மறந்துடாதீங்க, பேன் எஃப்ல பதிஞ்ச படம் டெவலப் ஆகறதுக்கு முன்னாடியே மங்க ஆரம்பிக்கும், மூணு மாசத்துக்குள்ள கழுவச் சொல்லி இல்ஃபோர்டே சொல்லுது. ஓரத்துல இருக்கற ஃப்ரேம் நம்பர் லேசா தெரிஞ்சா பயப்படாதீங்க, இந்த ஃபிலிம்ல அது சகஜம்.

எடுக்கறது ஒரு முகமா இருக்கட்டும், பாதி வெயில் பாதி நிழல். ரெண்டையும் 8க்கு 10 பிரிண்ட் போட்டு பக்கத்துல வச்சு, கன்னத்துல வெளிச்சம் நிழலா மாறுற அந்த இடத்தை மட்டும் பாருங்க. வித்தியாசமே தெரியலன்னா டி-மேக்ஸே போதும், சந்தோஷமா அதுலயே எடுங்க. தெரிஞ்சுதுன்னா உங்க கோரிக்கை நியாயமானது.

இப்போ யார்கிட்ட எதைக் கேக்கறதுன்னு பார்ப்போம். நின்னு போன ஃபிலிம் திரும்ப வந்த கதை உண்டு: கோடக் பி3200 2012ல நின்னு 2018ல வந்துச்சு, ஃபுஜி அக்ராஸ் 2018ல நின்னு 2019ல அக்ராஸ் 2ஆ வந்துச்சு, ஆனா அது மேட் இன் யூகே, பழைய ஃபார்முலா அப்படியே இல்ல. அதனால "அதே பனாட்டாமிக்"னு கேட்டா ஏமாற்றம்தான், "25 ஐஎஸ்ஓ, வழக்கமான கிரெய்ன், மென்மையான டோன்"னு கேளுங்க. எஃப்கே 25 நின்னது ஆள் வாங்காததால மட்டும் இல்ல, 2012ல அந்த ஃபேக்டரியோட பழைய மெஷின் ரிப்பேர் பண்ண முடியாத நிலைக்கு வந்துடுச்சு. ஒரு பெரிய பேட்ச் போட்டா விக்கறதுக்குள்ள ஃபிலிம் வீணாப் போயிடுமேன்னு பெரிய கம்பெனிங்க யோசிக்கும், ஆனா ஸ்லோ ஃபிலிம் ஃபாஸ்ட் ஃபிலிமை விட ரொம்ப நாள் தாங்கும், ஃப்ரீசர்ல கிடந்த பழைய பனாட்டாமிக்கை இன்னைக்கும் ஆளுங்க எடுத்துட்டுத்தான் இருக்காங்க. ஒரு தடவை கோட் பண்ணி (ஃபிலிம்ல ரசாயனம் பூசி) பல வருஷம் விக்கலாம், இந்த பாயிண்டை அழுத்திச் சொல்லுங்க. ஜெர்மனியில அடாக்ஸ் மாதிரி சின்ன அளவுல செய்யறவங்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

அதுவரைக்கும் ரோலெய் (Rollei) பிராண்டோட ஆர்பிஎக்ஸ் 25 ஃபிலிம்ல எடுத்துப் பாருங்க, அதோட பேஸ், அதாவது அடிப்பட்டை, கண்ணாடி மாதிரி இருக்கும், வெளிச்சம் நுனி வழியா உள்ள ஓடிடும், நிழல்ல நின்னுதான் கேமராவுல போடணும். கம்பெனிக்கு மெயில் அனுப்பும்போது ஃபிலிம் சைஸ் 35 எம்எம்மா 120ஆ, வருஷத்துக்கு எத்தனை ரோல் வாங்குவீங்கன்னு எழுதுங்க.