ஸ்வேலிங்க்கோட கோரல் ரெக்கார்டிங்கை முதல்முறையா கேக்கப் போறீங்களா? இப்படி ஆரம்பிங்க

பழைய சர்ச் கோரல் மியூசிக்கை நிறைய பேர் பேக்ரவுண்ட்ல ஓட விட்டுட்டு வேற வேலை பாக்கப் போயிடறாங்க, அப்புறம் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்குன்னு ரெண்டே நாள்ல விட்டுடறாங்க. இந்த மியூசிக் அப்படிக் கேக்கறதுக்கு எழுதினதே இல்ல. ஒரே ஒரு பாட்டை எடுத்து, அதுல ஒவ்வொரு குரலா பிடிச்சுப் பிடிச்சுக் கேட்டாத்தான் திறக்கும். யான் பீட்டர்ஸோன் ஸ்வேலிங்க்ங்கற டச்சு இசையமைப்பாளரை வெச்சு அதை எப்படிப் பண்றதுன்னு சொல்றேன், மியூசிக் தியரி எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம்.

ஸ்டெப் 1: ஆள் யாருன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க

1562ல டெவென்டர்ங்கற ஊர்ல பொறந்தவர், ஆம்ஸ்டர்டாம் ஔட கெர்க் சர்ச்சுல ஆர்கன் வாசிச்சவர், 1621ல செத்தப்போ அங்கேயே புதைச்சாங்க. அவரு அப்பாவும் அதே ஆர்கன்ல இருந்தவர்தான், இவருக்கப்புறம் பையன் டிர்க் வந்தாரு. 1578ல ஆம்ஸ்டர்டாம் கால்வினிஸ்ட்ங்கற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவு கைக்குப் போயிடுச்சு, ஆராதனை நடக்கும்போது ஆர்கன் வாசிக்கக்கூடாதுன்னு ஆயிடுச்சு, அதனால நகர நிர்வாகம் சம்பளம் கொடுத்து ஆராதனைக்கு முன்னாடியும் பின்னாடியும் இவரை வாசிக்க வெச்சுது. அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துக்கிட்டு இவரு லத்தீன்ல, கத்தோலிக்க வழிபாட்டு வரிகளுக்கு 37 மோட்டெட் (பல குரல் சேர்ந்து பாடற பக்திப் பாட்டு) எழுதி 1619ல ஆன்ட்வெர்ப்ல அச்சுப் போட்டாரு, கார்னேலிஸ் பிளெம்ப்ங்கற கத்தோலிக்க நண்பருக்கு சமர்ப்பணம் பண்ணினாரு. அந்தத் தொகுப்புதான் கான்டியோனஸ் சாக்ரே. ஊரோட சர்ச்சுல பாட முடியாத பாட்டை இவ்வளவு சந்தோஷமா எழுதியிருக்காருங்கறது எனக்கு இன்னமும் பெரிய விஷயமாத்தான் தெரியுது.

ஸ்டெப் 2: ரெக்கார்டிங் தேர்வு பண்ணுங்க

ரெண்டு சொல்றேன். ஒண்ணு, ரிச்சர்ட் மார்லோ நடத்தின கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜ் கொயர், ஹைப்பீரியன் லேபிள்ல வந்தது. இன்னொண்ணு, ஹாரி வான் டெர் காம்ப்போட கெசுவால்டோ கன்சார்ட் ஆம்ஸ்டர்டாம். முதல்தடவைக்கு எது கையில கிடைக்குதோ அது போதும். ஆனா ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க, லேப்டாப் ஸ்பீக்கர்ல பாஸ்ங்கற அடிக்குரல் பாதி காணாமப் போயிடும்.

ஸ்டெப் 3: ஒரே பாட்டு, வரியைக் கையில வெச்சுக்கோங்க

அந்தத் தொகுப்புல இருக்கற 'ஹோடியே கிறிஸ்துஸ் நாத்துஸ் எஸ்ட்'தான் ஆரம்பிக்கச் சரியான பாட்டு. கிறிஸ்மஸ் பாட்டு, சின்னது. வரி இவ்வளவுதான்: இன்னைக்கு கிறிஸ்து பொறந்தார், இன்னைக்கு இரட்சகர் தோன்றினார், இன்னைக்கு பூமியில தேவதூதர்கள் பாடறாங்க, பிரதான தூதர்கள் மகிழறாங்க, இன்னைக்கு நீதிமான்கள் களிகூர்ந்து உன்னதத்துல கடவுளுக்கு மகிமைன்னு சொல்றாங்க. நடுநடுவுல 'நோஎ நோஎ'ன்னு கிறிஸ்மஸ் சந்தோஷக் கூவலும், 'அல்லேலூயா'வும் வரும். வரி தெரியலன்னா எங்க இருக்கோம்னே புரியாது, அதனால இதை ஸ்கிப் பண்ணாதீங்க.

ஸ்டெப் 4: கேளுங்க, திரும்பக் கேளுங்க

முதல் ரவுண்டுல விரலால தாளம் மட்டும் போடுங்க. 'ஹோடியே'ன்னு (இன்னைக்குன்னு அர்த்தம்) வர்ற இடமெல்லாம் ஒண்ணு-ரெண்டு-மூணுன்னு துள்ளும், நம்ம திஸ்ர நடை மாதிரி, உடனே அடுத்த வார்த்தைக்குப் போனதும் ரெண்டு ரெண்டா நேராயிடும். ஒவ்வொரு 'இன்னைக்கு'க்கும் அந்தத் துள்ளல் திரும்ப வரும். இது காதுல விழுந்துட்டாலே பாட்டோட கட்டமைப்பு பாதி புரிஞ்ச மாதிரி.

அடுத்த ரவுண்டுலதான் உண்மையான வேலை. இதுல அஞ்சு குரல், மேலேருந்து கீழ: ரெண்டு சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ். நாம ஒரே மெலடியை, அதுவும் மேல கேக்கறதைப் பிடிச்சுக்கிட்டுப் போயே பழகினவங்க, அதனால காது தானா சோப்ரானோ பக்கம் ஓடும். அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு பாஸை மட்டும் ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் தொடர்ந்து போங்க. தொலைஞ்சு போயிடும், பரவால்ல, பத்து செகண்ட் பின்னாடி போய் திரும்பப் பிடிங்க. அப்புறம் டெனர். அதுக்கப்புறம் 'நோஎ நோஎ' வர்ற இடத்துல ரெண்டு சோப்ரானோவையும் கவனிங்க, ஒரு குரல் விட்டதை இன்னொரு குரல் வாங்கி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வரும். அஞ்சு பேருமே முக்கியமானவங்க, யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லங்கறது அப்பத்தான் காதுக்கு உறைக்கும்.

அடியில மெல்லிசா ஆர்கன் கேட்டுதுன்னா குழம்பாதீங்க, 1619 அச்சுலயே பாஸோ கன்டினுவோன்னு, ஆர்கன் மாதிரி வாத்தியம் அடியில துணைக்கு வாசிக்கற தனிப் பகுதி இருக்கு.

நோட்டேஷன் படிக்கத் தெரிஞ்சவங்க சிபிடிஎல்ங்கற (CPDL) கோரல் மியூசிக் சைட்ல ஸ்கோரை, அதாவது எழுதின நோட்டேஷனை, இலவசமா எடுத்துக்கலாம். தெரியாதவங்களும் ஒரு தடவை பாருங்க, நோட்டுகள் மேல போய் கீழ வர்றதைப் பாத்தாலே குரலைப் பிடிக்கறது ஈஸியாயிடும்.

ஸ்டெப் 5: இன்னொரு ரெக்கார்டிங்கோட ஒப்பிடுங்க

டிரினிட்டில ஒரு குரல் பகுதிக்கு பல பேர் பாடுவாங்க, சத்தம் அகலமா, பளபளன்னு இருக்கும். கெசுவால்டோ கன்சார்ட்ல ஒரு பகுதிக்கு ஒரே ஆள், வார்த்தை தெளிவா விழும். குரல் பிரிச்சுக் கேக்கப் பழக ரெண்டாவதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன், கிறிஸ்மஸ் காலைல போட டிரினிட்டி.

ஸ்டெப் 6: அடுத்து சங்கீதங்கள்

ஹோடியே பழகினதும் அதே தொகுப்புல 'டே ப்ரோஃபுண்டிஸ்' கேளுங்க, முழுக்க வேற மனநிலை. அப்புறம் பிரெஞ்சுல பாடற பைபிள் சங்கீதங்களுக்கு (psalms) போகலாம். 150 சங்கீதத்துக்கும் இவரு இசை போட்டிருக்காரு, 1604லேருந்து 1621 வரைக்கும் நாலு புத்தகமா வந்துது. எல்லாம் ஜெனீவா சங்கீத மெட்டுகள், அதாவது ஜெனீவால கால்வினிஸ்ட்கள் பாடின சங்கீத மெட்டுகள் மேல கட்டினது. சிஎஸ்ஐ சர்ச்ல வளந்தவங்க 134ஆம் சங்கீதத்துலேருந்து ஆரம்பிங்க, ஓல்ட் ஹண்ட்ரட்த்னு (Old Hundredth) சர்ச்ல நமக்குத் தெரிஞ்ச மெட்டு ஜெனீவால 134க்குப் போட்டதுதான். மெட்டு முன்னாடியே தெரியுங்கறதால அது எந்தக் குரல்ல ஓடுது, மத்தவங்க அதைச் சுத்தி என்ன பண்றாங்கன்னு சட்டுனு பிடிபடும்.